மீனாள் அக்கா ஒதுக்கிவைத்த நாற்பது தாள்கள்

மீனாள் அக்கா இறந்துபோன செய்தி மீனாள் அக்காவின் எண்ணிலிருந்தே எனக்கு வந்தது. "மீனாள் இன்று காலை தவறிவிட்டாள். நாளை பத்து மணிக்கு எடுக்கிறோம்." அவ்வளவுதான். நான் சிரிக்கிற முகங்கள் நாலைப் போட்டு, "எங்கிட்டயே வேலையக் காட்டுறீங்களா? பஸ் கெடைக்கலைன்னா கெடைக்கலைன்னு சொல்லுங்கக்கா, அதுக்காகச் சாவாதீங்க" என்று பதில் அனுப்பினேன். அடுத்த வாரம் வாரேன், அடுத்த வாரம் வாரேன் என்று மூன்று வாரமாக அவர் டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தார். இதுவும் அதில் ஒன்று என்று நினைத்தேன்.

அரை நிமிடத்தில் போன் அடித்தது. ஆண் குரல். "நான் மீனாளோட அண்ணன் பேசுறேன். நீ யாருன்னு தெரியலம்மா. இது வெளையாட்டு இல்ல" என்றார். அவர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அந்தக் குடும்பத்துக்கே யாரையும் திட்டத் தெரியாது போலிருக்கிறது. அதனால்தான் அந்த வேலையை இங்கே நான் செய்ய வேண்டியிருக்கிறது.

என் பெயர் சபீனா. மணமேல்குடி பக்கத்தில் கடலோரத்துப் பெண்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். இந்த நினைவு மலரைக் கொண்டுவருகிற அக்காவின் தோழிகள், "உனக்கும் ரெண்டு பக்கம் இருக்கு, நல்லதா எழுதிக் குடு" என்று கேட்டார்கள். நல்லதாக எழுதுகிறேன் என்று சொன்னேன். அமைதியாக எழுதுகிறேன் என்று சொல்லவில்லை.

உங்களுக்கெல்லாம் அவர் தங்கை, தோழி, உடன் படித்தவர், துறையில் பக்கத்து நாற்காலி. திருமயம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி, மாவட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பள்ளிப் பள்ளியாகப் போய், இணைய விளையாட்டு அடிமைத்தனம் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தவர். வயது முப்பத்தொன்று. எனக்கு அவர் உறவும் இல்லை, டீச்சரும் இல்லை. ஆய்வுப் பாஷையில் நான் அவருக்கு 'மாதிரி'. வீட்டில் என்னை "அவ ஒரு மாதிரி" என்பார்கள். அக்கா அதை அதிகாரபூர்வமாக்கினார்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை கணக்கு பீரியடில் வந்தார். கணக்கைக் கொன்றதற்காகவே அவரை எங்களுக்குப் பிடித்துப்போனது. "என் பேரு மீனாள்" என்றதும் கடைசி பெஞ்சிலிருந்து நான், "மீன் ஆளா? கடக்கரைக்குச் சரியான ஆளுதான்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்து, "ஆளு சரிதான்ப்பா, ஆனா எனக்கு முள்ளெடுக்கத் தெரியாது" என்றார். பதிலடி கொடுக்கிற பெரியவர்களைப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடியாது.

ஆளுக்கொரு தாள் கொடுத்தார். ஒரு பக்கம் மட்டும் அச்சு. பெயர் எழுத வேண்டாம். வரிசையாக வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஒருபோதும் இல்லை' தொடங்கி 'எப்போதும்' வரை ஐந்து கட்டம். ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும். 'விளையாட இயலாதபோது மனக்கிளர்ச்சி அடைகிறேன்' என்று ஒரு வாக்கியம்.

"மனக்கிளர்ச்சின்னா என்னடி?" என்று கேட்டாள் பக்கத்தில் இருந்த ஜெயந்தி.

"கிளறுறதுடி. பிரியாணி மாதிரி."

பிறகு நான் பெஞ்ச் பெஞ்சாகத் தகவல் அனுப்பினேன். "எல்லாத்துக்கும் எப்போதும்னு போடுங்கடி. அந்தக்கா அடுத்த வாரம் ஆம்புலன்ஸோட வரட்டும்." நாற்பது பேரும் போட்டார்கள். வீட்டில் பட்டன் போன் மட்டுமே இருக்கிற செல்விகூட 'எப்போதும்' விளையாடினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆம்புலன்ஸ் வரவில்லை. அதே பஸ்ஸில் அதே பையோடு அக்கா வந்தார். எங்கள் தாள்களை மேசையில் வைத்தார்.

"ஒரு சந்தேகம் கேக்கலாமா? 'வெளையாட்ட என்னால நிறுத்த முடியல', அதுக்கும் எப்போதும். 'நெனச்சா ஒடனே நிறுத்திருவேன்', அதுக்கும் எப்போதும். நாப்பது பேரும் இப்படித்தான். அப்ப நீங்கல்லாம் எப்பத்தான் சாப்புடுறீங்க?"

நாற்பது கழுத்தில் முப்பத்தொன்பது என் பக்கம் திரும்பியது. வேறு வழியில்லாமல் எழுந்து நின்றேன்.

"நீதானா? ஒக்காருப்பா, ஒக்காரு. நான் ஒன்னும் செய்ய மாட்டேன். நெசமாவே வெளையாடுற ஆளு இதுல யாரு? அத மட்டும் சொல்லுங்க."

"நான்தாங்கா."

"எவ்வளவு நேரம்?"

"தெனம் ரெண்டு மணி நேரம். வெள்ளிக்கெழமை நாலு."

வகுப்பே "ஓ" என்றது. அக்கா அதைக் கண்டுகொள்ளாமல், "யாரோட?" என்றார்.

அந்தக் கேள்வியை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. டீச்சர் கேட்டதில்லை, பக்கத்து வீட்டில் கேட்டதில்லை, போனைப் பிடுங்கி வைக்கச் சொல்லி அம்மாவுக்குப் புத்தி சொன்ன மாமா கேட்டதில்லை. "எங்க அத்தாவோட" என்றேன். எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்போம்.

அத்தா வளைகுடாவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறார். அவர் இருக்கிற ஊரில் போனில் எழுதி அனுப்பலாம், குரலைப் பதிந்தும் அனுப்பலாம். இணையத்தில் நேராகப் பேசுவதற்குத் தடை, சாதாரண போனில் பேசினால் காசு கட்டுபடியாகாது. ஆனால் அணியாகச் சேர்ந்து சுட்டு விளையாடுகிற விளையாட்டுக்குள் மைக் உண்டு, அதை யாரும் தடுக்கவில்லை. அத்தாவின் அறையில் தங்கியிருக்கிற அறந்தாங்கிக்காரர் ஒருவர் கண்டுபிடித்த வழி அது. மாலை ஐந்து மணிக்கு நானும் அத்தாவும் விமானத்திலிருந்து குதிப்போம். குதித்ததும் ஓடிப்போய் ஒரு பாழடைந்த வீட்டுக்குள் பதுங்கிக்கொள்வோம். "ம்மா, சாப்ட்டியா? தம்பி மார்க்கு என்னாச்சு? அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கு?" என்று அத்தா கேட்பார். யாராவது வந்து எங்களைச் சுடுவார்கள். செத்துப்போவோம். உடனே அடுத்த ஆட்டத்தில் குதிப்போம். ஒரே மாலையில் பத்து தடவை செத்துச் செத்து நான் அத்தாவோடு பேசியிருக்கிறேன்.

இதைக் கேட்டதும் அக்கா கையை நீட்டினார். என் பேனாவை வாங்கினார். நிரப்பாத தாள் ஒன்றைத் திருப்பி, பின்பக்கம் 'யாருடன் விளையாடுகிறீர்கள்? ஏன்?' என்று கையால் எழுதினார். பிறகு நாற்பது புதுத் தாள்களிலும் எழுதினார். அன்று நாங்கள் ஒழுங்காக நிரப்பினோம். பழைய நாற்பதையும் தனியே கட்டி, மேலே ஒரு வெள்ளைத் தாளைச் சுற்றி, 'சேர்க்கக் கூடாது' என்று சிவப்பில் எழுதினார். இதை எங்கள் வகுப்பு முழுவதும் பார்த்தது. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"கையால எதுக்குக்கா எழுதுறீங்க? பிரிண்ட் எடுத்துட்டு வரலாம்ல?"

"முன்பக்கம் பூட்டுப் போட்ட பக்கம்ப்பா. வேற நாட்டுக்காரங்க செஞ்ச அளவுகோலு. ஒரு வார்த்தையத் தொட்டாலும் செல்லாதும்பாங்க. பின்பக்கம் நம்ம பக்கம். அங்க நாமதான் எழுதிக்கணும்."

அதற்குப் பிறகு மாவட்டத்தில் அவர் போன ஒவ்வொரு பள்ளியிலும் ஒவ்வொரு தாளின் பின்னாலும் அந்தக் கேள்வியைக் கையால் எழுதினார். பஸ்ஸில் மடியில் வைத்து எழுதுவார். குலுக்கலில் கோணிய எழுத்தைப் பார்த்தே அது கீரமங்கலம் ரோடா, அறந்தாங்கி ரோடா என்று சொல்லிவிடலாம் என்று நான் கேலி செய்வேன்.

ஒருநாள் அவரே விளையாடிப் பார்க்க வேண்டும் என்றார். போனில் இறக்கிக் கொடுத்து எங்கள் அணியில் சேர்த்துக்கொண்டேன். ஆய்வாளராக எப்படியோ, ஆட்டக்காரராக அவர் ஒரு தேசிய அவமானம். விமானத்திலிருந்து குதித்ததும் நடுத்தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"தங்கச்சி, நிக்காதீங்க! படுங்க, படுங்க!" என்று அத்தா கத்தினார்.

"எங்கிட்டுண்ணே படுக்குறது?"

கேட்டு முடிப்பதற்குள் செத்துப்போனார். மூன்றாவது ஆட்டத்தில் ஒருவழியாக வீட்டுக்குள் கொண்டுவந்து ஒளித்துவைத்தோம். அப்போது கேட்டார்: "அண்ணே, மக ஒருநாள் வரலைன்னா ஒங்களுக்கு எப்படி இருக்கும்?" வெளியே யாரோ யாரையோ சுட்டுக்கொண்டிருந்தார்கள். "அன்னிக்கிச் சோறு எறங்காது தங்கச்சி" என்றார் அத்தா. அக்கா போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அளவுகோல்ல இதுக்குப் பேரு விலகல் அறிகுறி. போதைய நிறுத்துனா வர்ற தவிப்பு" என்றார். வழக்கமாகச் சிரிக்கிறவர், சிரிக்கவில்லை.

பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில்தான் அவர் ஆய்வைப் பற்றி என்னால் தெரிந்துகொள்ள முடிந்தது. உலகத்தில் இதுவரை யார் யார் என்னென்ன ஆராய்ந்திருக்கிறார்கள் என்று ஓர் அத்தியாயம் எழுத வேண்டுமாம். பை நிறைய நகல்கள். நிறுத்தத்துச் சிமெண்டு பெஞ்சில் அவற்றை ஆண்டு வாரியாக அடுக்கிக் கொடுப்பது என் பொழுதுபோக்கு. ஆரம்பத்தில் இது நோயா வெறும் பழக்கமா என்று சண்டை. நோய்ப் பட்டியலில் பெயர் ஏறியதும் ஆளாளுக்கு ஓர் அளவுகோல் செய்கிற அலை. பிறகு அந்த அளவுகோலை ஊர் ஊராகத் தூக்கிப்போய் எத்தனை பேர் மாட்டுகிறார்கள் என்று எண்ணுகிற அலை. ஊரடங்கின்போது வீட்டில் இருந்தபடியே இணையத்தில் படிவம் அனுப்புகிற அலை. அப்புறம் தூக்கத்தோடு, மதிப்பெண்ணோடு, மனச்சோர்வோடு ஜோடி சேர்த்துப் பார்க்கிற அலை. இப்போது மூளையைப் படம் எடுக்கிற அலை.

"எத்தன அலை பாத்தியா?" என்றார் பெருமையாக.

"நாங்க கடக்கரைக்காரங்கக்கா. அலைய எண்ணி என்ன செய்ய? மீனு எங்க?"

சிரித்துவிட்டு அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். "இதத்தாம்ப்பா நான் முப்பது பக்கமா எழுதி வச்சிருக்கேன்" என்றார். அவர் கையிலிருந்த நகல்களில் பெரும்பாலானவை ஒரே ஒரு தடவை போய், கட்டத்தை நிரப்பி வாங்கிக்கொண்டு வந்தவை. கிடைத்தவர்கள் கல்லூரிப் பையன்கள். எவ்வளவு நேரம் என்று எல்லாரும் கேட்டிருந்தார்கள். யாருடன் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

அக்கா விளையாட்டுக்கு வக்காலத்து வாங்கினார் என்று யாரும் நினைக்க வேண்டாம். குளத்தூர்ப் பக்கம் ஒரு பையனை அவன் வீட்டுக்கே போய்ப் பார்த்திருக்கிறார். பள்ளிக்கூடம் போவதில்லை, குளிப்பதில்லை, போனை வாங்கினால் சுவரில் தலையை முட்டிக்கொள்கிறானாம். அவனோடு விளையாடியவர்கள் யார் என்று கேட்டதற்கு, "யாருமில்ல" என்று எழுதியிருந்தான். அந்தத் தாளைப் பற்றிப் பேசும்போது மட்டும் அக்காவின் குரல் மாறும். "அவனுக்கு வைத்தியம் வேணும்ப்பா, இன்னிக்கே வேணும். முன்பக்கத்த மட்டும் பாத்தா ஒனக்கும் அவனுக்கும் ஒரே மார்க்குத்தான் வருது. ரெண்டு பேரையும் ஒரே கட்டத்துல போட்டா, ஒன் போனப் புடுங்குவாங்க. அவன யாரும் தேடிப் போக மாட்டாங்க."

இதைவிடத் தெளிவாக இதைச் சொல்ல முடியுமா? பதினோராம் வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் புரிந்தது. பல்கலைக்கழகத்தில் அவர் ஆய்வை வழிநடத்திய நெறியாளருக்குப் புரியவில்லை.

நெறியாளர் ஐயாவை நான் முதலில் குரலாகத்தான் அறிந்தேன். நிறுத்தத்தில் பஸ் சத்தம் என்று அக்கா ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "யாரோட வெளையாடுறான்னு கேட்டு என்னம்மா செய்யப் போற? இப்ப ட்ரெண்டு என்ன? அடிக்‌ஷன். ஸ்கோர் எங்க? அந்த நாப்பதையும் ஏன் தள்ளுற? எண்ணிக்கை கொறையுதுல்ல?" என்றது குரல். "சரிங்க சார்" என்றார் அக்கா. ஐந்து நிமிடத்தில் ஏழு சரிங்க சார். எண்ணினேன். வைத்ததும், "ஏங்கா, வாயத் தொறந்து முடியாதுன்னு சொன்னா என்ன?" என்று பாய்ந்தேன். "சரின்னு சொல்றது வாயி. சேர்க்க வேண்டியது கையி. கை சேர்க்காது" என்றார்.

சேர்க்கவும் இல்லை. எண்ணிக்கையை ஈடுகட்ட அந்த வெயிலில் கொடும்பாளூர்ப் பக்கத்துப் பள்ளிக்கு நாலு தடவை அலைந்தார். என் குறும்புக்கு அவர் கொடுத்த விலை அது. ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. கொடும்பாளூர் கோயில் எப்படி இருந்தது என்று மட்டும் சொன்னார்.

கடைசியாக வந்தபோது கண் மஞ்சளாக இருந்தது. "என்னக்கா, பில்டர் போட்டுட்டு வந்திருக்கீங்க?" என்றேன். ஆமாம், அதைத்தான் சொன்னேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "காமாலையாம்ப்பா. அத்தியாயத்தக் குடுத்துட்டு ஆசுபத்திரிக்குப் போறேன். சார் தேதி குடுத்துட்டாரு" என்றார். மூன்றாவது தடவையாகத் திருப்பி அனுப்பப்பட்ட அத்தியாயம். அத்தியாயத்தைக் கொடுத்தார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனார். பிறகுதான் போனில் அந்த இரண்டு வரி வந்தது. மஞ்சள் காமாலைக்கு மருந்து இருக்கிறது. தேதிக்கு மருந்து இல்லை போலிருக்கிறது. இந்த மலரில் மற்றவர்கள் 'விதி' என்று எழுதியிருந்தால், தயவுசெய்து அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டாதீர்கள்.

ஒரு மாதம் கழித்து எங்கள் பள்ளியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். 'இணைய விளையாட்டு அரக்கனிடமிருந்து மாணவியரை மீட்கப் போராடிய' என்று பேனர். அக்கா அந்த பேனரைப் பார்த்திருந்தால், "அரக்கன் யாரோட வெளையாடுறான்?" என்று கேட்டிருப்பார். நெறியாளர் ஐயா வந்தார். இரண்டு நிமிட மௌனம். பிறகு திரையை இறக்கினார்கள். மீனாளின் ஆய்வு வீண்போகக் கூடாது, நாங்களே கணக்கிட்டு முடித்திருக்கிறோம், கட்டுரையாக வருகிறது என்றார். மாவட்டத்திலேயே மிகக் கடுமையான அடிமைத்தனம் இந்தப் பள்ளியில்தான் என்றார். "ஒரு வகுப்பே முழுசா, எல்லாக் கேள்விக்கும் 'எப்போதும்'னு போட்டிருக்கு!" என்று கையை விரித்தார். அம்மாமார்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

திரையில் எங்கள் பள்ளியின் பதினோராம் வகுப்புக்கு நேரே எண்பது என்று போட்டிருந்தது. எங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்பு ஒன்றே ஒன்றுதான். நாற்பது பேர் நாங்கள். மீதி நாற்பது பேர் என் குறும்பு. அந்தச் சிவப்பு எழுத்துத் தாளை யாரோ கழற்றிப் போட்டிருக்கிறார்கள். பின்பக்கத்தைப் பற்றித் திரையில் ஒரு வரி இல்லை. அக்கா மடியில் வைத்து எழுதிய அத்தனை கோணல் எழுத்தும் இல்லை. குளத்தூர்ப் பையன் எங்கள் நாற்பது பொய்க்கு அடியில் எங்கேயோ கிடந்தான்.

எழுந்தேன். "சார், அந்த நாப்பதும் பொய்யி. நான்தான் போடச் சொன்னேன். அக்கா அத ஒதுக்கி வச்சிட்டாங்க. எங்க கிளாஸ்ல எண்பது பேரே இல்ல, வேணும்னா எண்ணிப் பாருங்க."

ஐயா மைக்கிலேயே சொன்னார்: "இது இரங்கல் கூட்டம்மா. இங்கயுமா வெளையாட்டு?"

சிரித்தார்கள். டீச்சர்கள் சிரித்தார்கள், அம்மாமார்கள் சிரித்தார்கள். பின்வரிசையில் யாரோ, "சபீனாவா? அவளுக்கு இதே பொழப்பு" என்றார்கள். பள்ளி மணியை முக்கால் மணி நேரம் முன்னால் அடித்தவள், கரும்பலகையில் ஹெச்.எம். டீச்சர் கையெழுத்தில் விடுமுறை அறிவித்தவள் உண்மை சொல்ல எழுந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. அக்காவின் படத்துக்கு முன்னால், மாலை வாடுவதற்குள், அவருடைய வேலையைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நான்தான் இத்தனை வருடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறேன். அதனால் முதல் கோபம் என் மேலேயே.

அன்று சாயங்காலமே அம்மா விளையாட்டை அழித்தாள். "ஊரே பாக்குதுடி" என்றாள். அத்தாவோடுதான் பேசுகிறேன் என்பது அம்மாவுக்குத் தெரியும், ஐந்து மணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளும்தான் பேசுவாள். ஆனால் திரையில் போட்டுக் காட்டிய ஒன்றை எதிர்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அத்தாவிடமிருந்து குரல் பதிவு வந்தது. "பரவால்லம்மா, படி. அத்தா நல்லாத்தான் இருக்கேன்." பதிவு பதினொரு நொடி. அதில் ஏழு நொடி அவர் பேசவே இல்லை.

மறுநாள் ஒரு கடிதம் எழுதினேன். 'நாற்பது தாள்களும் பொய். போடச் சொன்னவள் நான். ஆய்வாளர் அவற்றை எங்கள் கண்முன்னே நீக்கினார். தயவுசெய்து நீக்குங்கள். பின்பக்கத்தையும் படியுங்கள்.' ஆய்வில் பெயர் எழுத வேண்டாம். இதில் நாற்பது பேரும் பெயர், வகுப்பு, பதிவெண் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். ஜெயந்தி பேனாவை மூடினாள்.

"ஒங்க அத்தாவுக்காக நாங்க ஏண்டி மாட்டணும்? பிராக்டிகல் மார்க்கு டீச்சருங்க கையில இருக்கு."

"எங்க அத்தாவுக்கில்லடி. வேற எதுலயும் நான் சொன்னதக் கேக்காதீங்க, இதுல மட்டும் கேளுங்க. அந்தக்கா நம்மளத் திட்டவே இல்லடி."

ஜெயந்தி மூடிய பேனாவைத் திறந்தாள். "திட்டிருக்கலாம்டி அது" என்று சொல்லிவிட்டு எழுதினாள். இருபத்தாறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். போடாத பதினான்கு பேர் மேல் எனக்கு வருத்தமில்லை. பயப்படுவதற்கு அவர்களுக்குக் காரணம் இருந்தது. பல்கலைக்கழகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து ஹெச்.எம். டீச்சர் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள், தட்டச்சு செய்யப்பட்டது. 'நாங்கள் அனுப்பிய கடிதம் விளையாட்டாக எழுதப்பட்டது. அதற்காக வருந்துகிறோம்.' கீழே என் பெயர், கோடு.

எவ்வளவு அழகான வேலை பாருங்கள். நான் பொய்யாகப் போட்ட நாற்பது தாளும் உண்மையாம். உண்மையாக எழுதிய ஒரே கடிதம் விளையாட்டாம்.

"போட்டுட்டுப் போம்மா" என்றார் டீச்சர். கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். "அவங்க கட்டுர அச்சுக்குப் போவுது. நீ இதப் போட்டியன்னா ஒங்க அம்மாகிட்ட நானே பேசுறேன். போனக் குடுக்கச் சொல்றேன். ஒங்க அத்தாகூடப் பேசிக்க. ஒனக்கென்ன நட்டம்?"

ஐந்து மணி ஞாபகம் வந்தது. கோடு சின்னதாகத்தான் இருந்தது.

"போட மாட்டேன் டீச்சர்."

"வெளையாடாத சபீனா."

"வெளையாடல டீச்சர். அதான் போட மாட்டேங்குறேன்."

டீச்சர் தாளை எடுத்து மேசை டிராயரில் வைத்தார். "போ" என்றார். அதற்குப் பின் ஒன்றும் நடக்கவில்லை. கட்டுரை வந்ததா, தெரியாது. கடிதத்துக்குப் பதில் இல்லை. அத்தாவோடு இன்னும் பேசவில்லை.

இந்த மலர் துறைக்கும் போகும், நெறியாளர் ஐயாவும் படிப்பார் என்று சொன்னார்கள். ஐயா, படித்தால் நல்லது. தாள்கள் உங்கள் அறையில் இருக்கின்றன. திருப்பிப் பார்க்க ஒரு கை போதும்.

மீனாள் அக்காவிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று தோழிகள் கடைசியாக எழுதச் சொன்னார்கள். அவருடைய பொறுமையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அது அவருக்கே உதவவில்லை. பொய் என்று தெரிந்ததை, எத்தனை தேவைப்பட்டாலும், யார் கேட்டாலும் சேர்க்காத அந்தப் பிடிவாதத்தை வைத்துக்கொண்டேன். அவரிடம் அது சிரித்துக்கொண்டு இருந்தது. என்னிடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறது.